பங்கில் வந்த மூக்கு வேன்

ஆரோக்கியம் மேஸ்திரி டீசல் ஃபில்டரின் கிண்ணத்தைக் கழற்றிக் கவிழ்த்தபோது அவர் உள்ளங்கையில் டீசல் விழவில்லை. வெள்ளையாக, கொழகொழவென்று ஏதோ ஒன்று மெதுவாக வழிந்து விழுந்தது.

விரலால் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத் 'தூ' என்று துப்பினார்.

"தம்பி, இது என்னான்னு தெரியுதா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார். "மாவு. குச்சிக்கிழங்கு மாவு! இஞ்சினுக்குக் கஞ்சி காய்ச்சி ஊத்தியிருக்கீங்கய்யா!"

நான் வழிகிற டீசலைப் பிடிப்பதற்காக பழைய போசிப் பாத்திரம் ஒன்றை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தேன். மேஸ்திரி கையை அதில் உதறினார். டீசல் நாற்றத்துக்கு அடியிலிருந்து இன்னொரு நாற்றம் வந்தது. புளித்த மாவுத் தொட்டியின் நாற்றம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்குப் பழகிய நாற்றம் அது.

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. ஏன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அதற்கு முன் ஒரு விஷயம். போன வாரம் இந்தத் தொடரில் எங்கள் பாகப்பிரிவினையைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் மச்சாண்டாரின் மகன் வீட்டுக்கே வந்துவிட்டான். மச்சாண்டார் என்பது கணவரின் அண்ணனை எங்கள் பக்கத்தில் சொல்லும் முறை. "செத்துப் போனவரைப் பத்தி எதுக்குங்க சின்னம்மா இதெல்லாம்?" என்று கேட்டான். நான் காப்பி கொடுத்து அனுப்பினேன். எனக்கு நேரில் பேச வராது. எழுதுவதும் எட்டாம் வகுப்போடு நின்ற எழுத்துத்தான். ஆனாலும் இங்கே அவனுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்: சாமி, உங்கப்பா இறந்துவிட்டார் என்பதற்காக ஃபில்டரில் இருந்த மாவு டீசலாக மாறிவிடாது.

பட்டாளத்து வண்டி

அந்த வேன் என் மாமனார் வாங்கியது. உலகச் சண்டை முடிந்தபின் பட்டாளத்தார் வேண்டாமென்று ஏலம் விட்ட வண்டிகளில் ஒன்று. முன்னால் ஓட்டுகிறவருக்கும் இன்னொருவருக்கும் இடம். பின்னால் திறந்த தொட்டி. பானெட் நீளமாக முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். அதனால் ஊரில் அதற்கு மூக்கு வேன் என்று பெயர். பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கிறது என்று மாமனார் அதைச் சேலத்துக்குக் கொண்டுபோய் டீசல் இஞ்சின் மாற்றிக்கொண்டு வந்தாராம். சுற்று வட்டாரத்தில் அப்போது டீசல் வண்டி அபூர்வம். அது வந்தால் அடுத்த ஊர் நாய்கூடக் குரைக்குமாம்.

எங்கள் ஊர் ராசிபுரத்துக்கும் நாமகிரிப்பேட்டைக்கும் இடையில். தோட்டத்து மூலையில் ஒரு மாவுப் பட்டறை இருந்தது. குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை அரைத்து, அந்தப் பாலைத் தொட்டியில் தெளிய வைப்பார்கள். அடியில் தங்கும் ஈரமாவை மூட்டை கட்டி ஜவ்வரிசி மில்களுக்கு அனுப்புவார்கள். அதற்குத்தான் வேன்.

மாமனார் போனபின் எல்லாம் மச்சாண்டார் கைக்கு வந்தது. வண்டி ஓட்டுவது என் வீட்டுக்காரர். எங்கே ஓட்டுவது, எப்போது ஓட்டுவது, யார் டீசல் ஊற்றுவது, எதில் ஊற்றுவது எல்லாம் மச்சாண்டார் உத்தரவு.

ஒரு நாள் ராசிபுரம் சாலையில் ஈரமாவு மூட்டைகளோடு போகும்போது வேன் இருமி இருமி நின்றுவிட்டது. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். மறுபடி ஓடவில்லை. யாரோ ஒரு மெக்கானிக் வந்து பானெட்டைத் திறந்து மூடி, இஞ்சின் போய்விட்டது என்றான். ஃபில்டரைத் திறந்து பார்க்க அவனுக்கும் தோன்றவில்லை.

மச்சாண்டார் அன்று மாட்டுக் கொட்டகையின் முன்னால் நின்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அப்பாரு ஆசையா வாங்குன வண்டி. இவன் கை பட்டுது, செத்துப் போச்சு."

அந்த ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. அதன்பின் பட்டறையை மூட வேண்டி வந்தது. அதுவும் இவர் கைராசி. விதைப்புக்கு முதல் பிடி விதையை இவர் கையில் கொடுக்க மாட்டார்கள். புதிதாக மாடு பிடித்து வந்தால் கயிற்றை இவர் வாங்கக் கூடாது. சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில் முகூர்த்தக்கால் நடும்போது நாலு பேர் கை வைத்தார்கள். இவர் கையை நீட்டியதும் ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே, "உனக்கெதுக்கு சாமி, நீ பந்தியப் பாரு" என்றார். இவரும் சிரித்துக்கொண்டே பந்தியைப் பார்க்கப் போனார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது.

வேன் கொட்டகைக்குப் பின்னால் நின்றது. டிரைவர் சீட்டில் கோழி அடைகாத்தது. பானெட் மேல் பூசணிக்கொடி ஏறிப் பூத்தது.

மாடு எங்களுக்கு, மாட்டு வண்டி அவருக்கு

பங்கு பிரித்த அன்று ஊர்ப் பெரியவர்கள் வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கொட்டகைச் சுவருக்கு மறுபுறம் நின்றேன். நிலம், கிணறு, பாத்திரம் எல்லாம் முடிந்தது. ஒரு ஜோடி எருது எங்களுக்கு, ஒரு ஜோடி அவருக்கு. இரண்டு மாட்டு வண்டிகள் இருந்தன. ஆளுக்கு ஒன்று என்றுதான் நான் நினைத்தேன். எந்தக் குழந்தையைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லும்.

மச்சாண்டார் குரல் வெல்லமாக இனித்தது. "தம்பிக்குத்தான் வேன் இருக்குதுங்களே. அப்பாரு வாங்குன வண்டி. அதை நானெதுக்குங்க கேக்கறேன்? அது அவனுக்கே இருக்கட்டும். இந்தக் கட்ட வண்டி ரெண்டும் எனக்குப் போதும்."

கட்டிலில் இருந்தவர்களில் ஒருவர், "பெரிய மனசு" என்றார். இன்னொருவர், "பூசணிக்காயும் சேத்தித்தானுங்க?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

என் வீட்டுக்காரர் "சரிங்கண்ணா" என்றார்.

மாடு எங்களிடம், மாடு பூட்டுகிற வண்டி அவரிடம். இதற்குப் பெயர் பாகப்பிரிவினை!

அப்போதே சேலத்திலிருந்து ஆரோக்கியம் மேஸ்திரியை வரவழைத்தோம். நல்ல மனிதர், ஆனால் வாய் ஓயாது. முதலில் பம்ப் போய்விட்டது என்றார். பம்பைக் கழற்றிச் சேலத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து மாட்டினார். ஓடவில்லை. பிறகு நாசில் என்றார். பிறகு, "நான் மொதல்லயே சொன்னேனே, பம்ப் இல்லேன்னு" என்றார். டயருக்கு ஒட்டுப் போட்டார், பிரேக்கைச் சரிசெய்தார். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும், "இது செத்த வண்டி இல்ல தங்கச்சி, சொணங்குன வண்டி" என்று எனக்குத் தைரியம் சொல்வார். மாதங்கள் போயின. வேன் சொணங்கியே நின்றது.

வாயில்லாத உறவு

இந்தக் காலத்துப் பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் மச்சாண்டாரிடம் தம்பி மனைவி நேருக்கு நேர் பேசக் கூடாது. அவரும் பேச மாட்டார். அவர் நின்றால் நாம் உட்காரக் கூடாது. ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் நடுவில் ஒருவர் வேண்டும். யாருமில்லை என்றால் ஆட்டுக்குட்டியிடமோ சுவரிடமோ சொல்ல வேண்டும், அவர் கேட்டுக்கொள்வார்.

ஒரு முறை கொட்டகையில் அவர் காலடியில் தேள் ஓடியது. பக்கத்தில் யாருமில்லை. நான் கன்றுக்குட்டியைப் பார்த்து, "ஏ கன்னு, அவிய காலுகிட்டத் தேள் ஓடுது, பாக்கச் சொல்லு" என்றேன். அவர் துள்ளிக் குதித்து விலகி, மூச்சு வாங்க அதே கன்றைப் பார்த்து, "பாத்துட்டேன்னு சொல்லு" என்றார்.

கூச்ச சுபாவம் உள்ள எனக்கு அந்த வழக்கம் ஒருவகையில் வசதியாகத்தான் இருந்தது. வாய் திறக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் எதைச் சொன்னாலும் மறுக்க முடியாது என்பதும் அதில் அடக்கம். அதை யாரும் வழக்கத்தின் குறை என்று சொன்னதில்லை.

கிழங்கு காத்திருக்காது

தனிக்குடித்தனம் வந்தபின் முதல் வெள்ளாமை குச்சிக்கிழங்கு. தை மாதக் கடைசியில் பிடுங்க நாள் பார்த்தோம். கிழங்கு பிடுங்கினவர்களுக்குத் தெரியும். மண்ணை விட்டு வெளியே வந்ததும் அதற்கு ஆயுசு குறைவு. ஓரிரு நாளில் உள்ளே நீலக் கோடு ஓடும். மில்லில் ஒரு கிழங்கை முறித்துப் பார்ப்பார்கள். கோடு தெரிந்தால் மொத்தத்தையும் திருப்பி எடுத்துப் போகச் சொல்வார்கள். அந்த வருஷத்துக்கு எங்களிடம் வேறு வெள்ளாமை கிடையாது.

என் வீட்டுக்காரர் முன்கூட்டியே போய் அண்ணனிடம் வண்டி கேட்டார். "அட ஏஞ்சாமி, இதைக் கேக்கோணுமா? நீ புடுங்கு. ரெண்டு வண்டியும் பொழுதோட வந்து நிக்கும்" என்றார்.

நம்பிப் பிடுங்கினோம். மலைபோல் குவித்து ஈர வைக்கோல் போட்டு மூடினோம். பொழுது சாய்ந்தது. வண்டி வரவில்லை. ஆள் விட்டோம். "ரெண்டு வண்டியும் மச்சினன் ஊட்டுக் கல்லக்காய் ஏத்தப் போயிருச்சுங்களாம். நாளனைக்கு வருமாம்" என்று ஆள் திரும்பி வந்தான்.

மச்சினன் வீட்டு நிலக்கடலை ஒரு மாதம்கூடக் கிடக்கும். அது கெடாது. கெடுவது எதுவென்று அவருக்குத் தெரியாதா? பட்டறை நடத்திய மனிதர்! ஊரில் மற்ற வண்டிக்காரர்களும் ஊருக்குப் பெரியவரான மச்சாண்டாரைப் பகைத்துக்கொள்ள வேண்டாமென்று ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள்.

மறுநாள் விடிந்ததும் ஆரோக்கியம் மேஸ்திரி வந்தார். "இன்னும் தொறக்காதது இந்த ஃபில்டர் ஒண்ணுதான்" என்று சொல்லித்தான் கழற்றினார். ஆரம்பத்தில் சொன்ன வெள்ளை அப்போதுதான் விழுந்தது.

"டீசல் எதுல புடிச்சு ஊத்துவீங்க?" என்று மேஸ்திரி கேட்டார்.

"டின்னுலதாங்க. பட்டறை டின்னு."

"மாவுப்பால் அள்ளுற டின்னா?"

"ஆமாங்க. அதுக்குன்னு தனியா டின்னு எதுக்குன்னு அண்ணன் சொல்லிட்டாருங்க. அவரே ஊத்தி வெச்சிருவாரு. நான் எடுத்து ஓட்டுவேன்."

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அள்ளும்போது மாவு டின்னின் அடியில் ஒட்டிக் காய்ந்து நிற்கும். டீசலை ஊற்றினால் அது பொருக்குப் பொருக்காகக் கிளம்பி டேங்கியில் இறங்கும். அடியில் நிற்கும் தண்ணீரில் ஊறிக் குழம்பாகிவிடும். அப்புறம் டீசல் எங்கே போகும்? அதையெல்லாம் அவர் விரிவாக விளக்கிக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் வேனின் படியில் உட்கார்ந்துவிட்டார். வெகு நேரம் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப, என் கையால இல்லீங்களா மேஸ்திரி?"

மேஸ்திரி சிரிப்பை நிறுத்திவிட்டார்.

ஏரிக்கரைச் சரிவு

டேங்கியை இறக்கி மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினோம். குழாயை வாய் வைத்து ஊதினோம். டீசல் குழாயில் காற்று இருந்தால் இஞ்சின் பிடிக்காதாம். கைப்பம்பை அடித்து அடித்து அதை வெளியேற்ற வேண்டும். அந்த வேலை எனக்கு. நான் அடிக்க அடிக்க நுரை நுரையாக வந்து, கடைசியில் டீசல் ஒரே தாரையாக விழுந்தது. என் புடவை முழுவதும் டீசல். கவலைப்பட நேரமில்லை.

பேட்டரி செத்துக் கிடந்தது. சரிவில் உருட்டித்தான் கிளப்ப வேண்டும். எங்கள் பங்குக்கு வந்த எருதுகளையே பூட்டி வேனை ஏரிக்கரை மேட்டுக்கு இழுத்துப் போனோம். கிழங்கு பிடுங்க வந்தவர்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள். மேஸ்திரி டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னார். பிறகு நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க மேஸ்திரி, உங்க சாமி எலுமிச்சம்பழம் கேக்குமா?" என்றாள் தள்ள வந்த ஒருத்தி.

"இந்த இஞ்சினுக்கு எந்தச் சாமி வந்தாலும் சரி" என்றார் அவர்.

குளிர்ந்த இஞ்சின் சீக்கிரம் பிடிப்பதற்காகக் காற்று உறிஞ்சும் வாயில் எரிகிற துணிப் பந்தத்தைக் காட்டியபடி அவர் படியில் தொங்கினார். என் வீட்டுக்காரர் கியரைப் போட்டார். தள்ளினோம். வேன் சரிவில் இறங்கி, குலுங்கி, ஒரு தும்மல் தும்மியது. கரும்புகை. இன்னொரு தும்மல். பிறகு தடதடவென்று பிடித்துக்கொண்டது. ஏரிக்குள் நின்ற கொக்கெல்லாம் எழுந்து பறந்தன.

"நிறுத்திராதீங்க தம்பி! ரோட்டுல நின்னாத் தள்ளிக்கலாம். பாரத்தோட தோட்டத்துல நின்னா, மறுபடி ஏரிக்கரைக்கு எந்த மாடும் இழுக்காது" என்று மேஸ்திரி கத்தினார்.

ஓடுகிற இஞ்சினோடு தோட்டத்துக்குக் கொண்டுவந்து கிழங்கை ஏற்றினோம். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அப்போது மச்சாண்டார் வந்தார். பின்னால் ஊரும் வந்தது. சத்தம் அப்படி.

பானெட்டிடம் சொன்னது

அவர் வேனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு நேர் முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"அடடே, ஓடுதே! ஏஞ்சாமி, அப்பாரு வண்டி பொதுவில்ல? உனக்குக் குடுத்தது செத்த இரும்பு. இஞ்சின் உசுரோட இருக்குதுன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே பங்குல வெச்சிருப்போமே. நிறுத்து. நிறுத்திப்போட்டு வா, உக்காந்து பேசுவோம்."

என் வீட்டுக்காரர், "அண்ணா, கெழங்கு..." என்றார்.

"கெழங்கு எங்க போகுது? நிறுத்து சாமி."

இவர் கை, டீசலை அடைக்கும் கம்பியை நோக்கிப் போவதைப் பார்த்தேன். பழக்கம். அண்ணன் சொன்னால் கை தானாகப் போகும். கம்பியை இழுத்தால் இஞ்சின் நிற்கும். நின்றால் கிழங்கு அங்கேயே நீலம் பாயும்.

நான் என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. வேனின் பானெட்டில் கையை வைத்தேன். சுட்டது.

"ஏ வண்டி, உன்னத்தான் கேக்கறேன்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "பங்கு போட்ட அன்னைக்கு நீ வண்டியா, இரும்பா? உன்னைய வண்டின்னு சொல்லித்தான ரெண்டு மாட்டு வண்டியும் எடுத்துக்கிட்டாங்க? இரும்புக்கு ஈடா எந்த ஊருல மாட்டு வண்டி குடுப்பாங்கன்னு கேட்டுச் சொல்லு."

மச்சாண்டார் முகம் சிவந்தது. ஆனால் அவருக்கும் அதே விலங்கு. என்னைப் பார்த்துப் பேச முடியாது. அவர் ஹெட்லைட்டைப் பார்த்து, "ஏ வண்டி, ஊட்டுக்குள்ள இருக்க வேண்டியவிய ஊட்டுக்குள்ள இருக்கோணும்னு சொல்லு" என்றார்.

"சொல்லிட்டு இதையும் கேளு. உன் வயித்துல மாவு எப்படிப் போச்சு? மாவு டின்னுல டீசல் ஊத்துனது யாரு? இத்தன வருசமா எங்கூட்டுக்காரர் கையக் கண்டா ஒதுங்குனாங்களே, அந்த மாவு இவரு கையிலிருந்தா கொட்டுச்சு?"

ஆரோக்கியம் மேஸ்திரிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. பழைய போசியைக் கொண்டுவந்து நீட்டினார். "இந்தாங்கய்யா, பத்திரமா வெச்சிருக்கேன். கழுவுனா ஜவ்வரிசிக்கு ஆகும்."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பங்கு பிரித்த அன்று பூசணிக்காய்க்குச் சிரித்த அதே வாய்கள்தான். அவர்கள் எங்கள் பக்கம் வந்துவிட்டார்கள் என்று நான் மயங்கவில்லை.

மச்சாண்டார் நகரவில்லை. "நிறுத்தறயா இல்லையாடா?" என்று தம்பியைக் கேட்டார்.

நான் சுற்றிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்தேன். ஏறினேன். மச்சாண்டார் கீழே, என் கண் எதிரே நின்றுகொண்டிருக்க, நான் சீட்டில் உட்கார்ந்தேன். கூட்டத்தில் பெண்கள் யாரோ "ஐயோ" என்றார்கள். நான் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு கம்பியிலிருந்து கையை எடுத்துக் கியரில் வைத்தார்.

வேன் ஓர் அடி நகர்ந்தது. மச்சாண்டார் ஒதுங்கினார். ஒதுங்கியபடி மட்கார்டைப் பார்த்து, "குடும்பம் கெட்டுதுன்னு சொல்லு" என்றார்.

அவர் கடைசி வரை மாவு விஷயத்தை ஒப்புக்கொள்ளவில்லை. தான் பெரிய மனதோடு கொடுத்த வண்டியால்தான் தம்பி பிழைத்தான் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அதையும் நம்ப ஊரில் ஆள் இருந்தது. அவர் மகன் இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறான். நம்பட்டும். ஆனால் என்னிடம் வந்து வாயை மூடச் சொல்ல வேண்டாம்.

மில் வாசலில்

மேஸ்திரி கிழங்குக் குவியல் மேல் உட்கார்ந்து வந்தார். பள்ளம் வரும்போதெல்லாம் அவர் திட்டுவது கேட்டது. உச்சிப் பொழுது சாய்வதற்குள் சேலம் சாலையில் இருந்த ஜவ்வரிசி மில்லுக்குப் போய்விட்டோம்.

மில் ஆள் ஒருவர் வந்து குவியலுக்குள் கைவிட்டு அடியிலிருந்து ஒரு கிழங்கை உருவினார். படக்கென்று முறித்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. இன்னொன்றை முறித்தார். அதுவும் வெள்ளை.

அவர் மில்லுக்குள் பார்த்து உரக்கச் சொன்னார்: "பெரியவர் ஊட்டுக் கெழங்கு வந்திருக்குது, எடைக்கு ஆள் வாங்கடா!"

எங்கள் குடும்பத்தின் எந்தச் சரக்கும் அது வரை மச்சாண்டார் பெயரில்தான் போயிருந்தது. மில் ஆளைக் குற்றம் சொல்ல முடியாது. என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

நான் ஜன்னலில் தலையை நீட்டினேன். "பெரியவர் ஊட்டுது இல்லீங்க. எங்கூட்டுது."

"எங்கூடுன்னா? பேரைச் சொல்லும்மா."

கணவர் பெயரை நான் எப்படிச் சொல்வது? பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அந்தக் கையைத் தொட்டுக் காட்டினேன்.

"இதா ஓட்டறாரே, இவரு ஊடு" என்றேன். இஞ்சின் சத்தத்தில் மில் ஆளுக்குக் கேட்டிருக்காது என்று இன்னொரு முறை, இன்னும் உரக்கச் சொன்னேன்.